வாக்காளர் அட்டை இருக்கு, ஐ.சி. இல்லை: எங்கே தொடங்குவது?

கேள்வி: நாங்கள் முல்லைத்தீவு மாவட்டம், ஒட்டுசுட்டான் பக்கம். அம்மா 1972இல் அட்டன் பகுதித் தோட்டமொன்றில் பிறந்தவர். 77 கலவரத்தோடு தாத்தா குடும்பம் வவுனியாவுக்கு வந்து, பிறகு இங்கே குடியேறியது. 2009இல் இருந்த கடதாசி எல்லாம் போய்விட்டது. அம்மாவிடம் இப்போது அடையாள அட்டை (ஐ.சி.) இல்லை. முன்பு எடுத்தாரா என்பதும் சரியாகத் தெரியாது. ஆனால் வாக்காளர் அட்டை ஒவ்வொரு முறையும் வருகிறது. போன தேர்தலில் அதைக் கொண்டுபோனவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் மனைவி தமிழ்நாட்டில் மண்டபம் முகாமில் பிறந்தவர். மன்னார்ப் பெற்றோருடன் 2012இல் ஊர் திரும்பினார். அவருக்கு ஐ.சி.யும் இல்லை, வாக்காளர் இடாப்பில் பெயரும் இல்லை. இருவருக்கும் என்ன வழி?

பதில்:

உங்கள் வீட்டில் இருப்பவை இரண்டு வேறு சிக்கல்கள். அம்மாவுக்கு வாக்குரிமை இருக்கிறது, ஆளை நிரூபிக்கும் கடதாசிதான் இல்லை. மனைவிக்கு முதலில் பிரசாவுரிமையைப் பதிய வேண்டும், மற்றதெல்லாம் அதன் பின்தான். இரண்டுக்கும் ஒரே படிவத்தை நிரப்பிக்கொண்டு விதானையாரிடம் (கிராம அலுவலர், ஜி.எஸ்.) போனால் இரண்டுமே இழுபடும்.

அம்மாவைத் திருப்பி அனுப்பியது சட்டப்படி சரி. தபாலில் வரும் வாக்காளர் அட்டை ஓர் அறிவித்தல் மட்டுமே. எந்த நிலையத்தில், எத்தனையாம் இலக்கத்தில் பெயர் இருக்கிறது என்பதை அது சொல்லும், ஆளை அடையாளம் காட்டாது. 2004ஆம் ஆண்டு 14ஆம் இலக்க தேர்தல்கள் விசேட ஏற்பாடுகள் சட்டத்துக்குப் பிறகு, ஏற்றுக்கொள்ளப்பட்ட அடையாள ஆவணம் ஒன்றைக் காட்டாதவருக்கு வாக்குச்சீட்டுக் கொடுக்கக்கூடாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. வாக்காளர் அட்டை வராவிட்டாலும், இடாப்பில் பெயரும் கையில் ஐ.சி.யும் இருந்தால் போய் வாக்களிக்கலாம். அட்டை வரவில்லை என்று வீட்டில் இருந்துவிடுகிற பலருக்கு இது தெரிவதில்லை.

தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, செல்லுபடியான சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை, மதகுருமாருக்கு ஆட்பதிவுத் திணைக்களம் கொடுக்கும் அட்டை என்பவை வழக்கமாக ஏற்கப்படுபவை. ஐ.சி.க்கு விண்ணப்பித்தும் அட்டை அச்சாகி வராதவர்களுக்கு, விபரங்களை உறுதிப்படுத்தி ஆட்பதிவுத் திணைக்களம் கொடுக்கும் படத்துடனான கடிதமும் அண்மைய தேர்தல்களில் ஏற்கப்பட்டது. முதியோர் அட்டை 60 வயதுக்கு மேல்தான், அதற்கும் வயதை நிரூபிக்கக் கேட்பார்கள். ஆகவே அம்மாவுக்கு அது இப்போதைக்கு வழியில்லை.

அவருக்குப் பொருந்துவது தேர்தல்கள் ஆணைக்குழுவின் தற்காலிக அடையாள அட்டை. தேர்தல் அறிவித்ததும் ஜி.எஸ். அலுவலகத்தில் படிவம் கிடைக்கும். 2.5 சென்ரிமீற்றர் அகலம், 3 சென்ரிமீற்றர் உயரத்தில் இரண்டு படங்கள் வேண்டும். ஆளைத் தெரியும் என்று ஜி.எஸ். உறுதிப்படுத்தி மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்ப, அங்கிருந்து அட்டை வரும். நிபந்தனை ஒன்றுதான்: வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும். அம்மாவின் பெயர் இருக்கிறது.

தவறுவது எங்கே என்றால் நாளில்தான். விண்ணப்பத்துக்கான கடைசித் திகதி பெரும்பாலும் வாக்களிப்புக்கு ஒரு வாரமளவுக்கு முன்னரே முடிந்துவிடும். வாக்காளர் அட்டை கைக்கு வந்த பிறகு யோசிப்பவருக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று நாள். அதற்குள் ஜி.எஸ். களத்துக்குப் போயிருப்பார், அல்லது ஸ்டூடியோக்காரர் வேறு அளவில் படம் அடித்துக் கொடுத்திருப்பார். படத்தை இப்போதே எடுத்து வீட்டில் வையுங்கள். அந்தத் தற்காலிக அட்டை அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும்தான். வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ காட்டிப் பயனில்லை.

இனி நிரந்தர வழி. அடையாள அட்டை விண்ணப்பத்துக்கு முன் ஒரு விடயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: அம்மாவுக்கு முன்பு ஐ.சி. இருந்ததா? போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டி வவுனியா ஆஸ்பத்திரிக்கோ உறவினர் வீட்டுக்கோ வந்துபோனாரா என்று கேளுங்கள். போயிருந்தால் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இலக்கம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய வங்கிப் புத்தகம், சங்கக் கடைப் பதிவு, நீங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த படிவம், மெனிக் பாம் முகாமில் தந்த குடும்பப் பதிவுத் துண்டு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இலக்கம் கிடைத்தால் அது அவருடையதுதானா என்று நீங்களே பார்க்கலாம். பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 1972 மார்ச் 5 என்றால் 31, 29, 5 கூட்ட 65, ஆகவே 72565 என்று தொடங்கும். 72624 என்று தொடங்கினால் அது மே 3. யாரோ நாளையும் மாதத்தையும் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தப் பிழை நம் ஆட்களின் கடதாசிகளில் நிறைய உண்டு. பின்னால் பிறப்புச் சான்றிதழ் வரும்போது இரண்டும் முட்டும் என்பதால் முன்கூட்டியே தெரிந்துவைப்பது நல்லது.

முன்பு எடுத்த அட்டை தொலைந்தது என்றால், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு இணைப்பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். எடுத்தவரே ‘முதல்தடவை’ என்று போடுவது கெட்ட வேலை. திணைக்களத்தின் பதிவில் அதே பெயரும் பெற்றோரும் வந்து நின்றால் விண்ணப்பம் முடங்கும், பொய்ப் பிரகடனம் என்ற கேள்வியும் எழும். சரியாகத் தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதிக் கொடுத்து, பழைய பதிவைத் தேடும்படி கேளுங்கள். வட மாகாணத்துக்கான ஆட்பதிவுத் திணைக்கள அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்குப் பஸ் ஏற முன் அங்கே விசாரியுங்கள்.

ஒருபோதும் எடுக்கவில்லை என்றால் பிறப்புச் சான்றிதழ்தான் முதல் படி. வன்னியில் ஐ.சி. இல்லாத முதியவர்களில் பெரும்பாலானோர் நிற்பது இந்த வாசலில்தான். அடையாள அட்டைச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் பிறந்து ஒரே ஊரில் வளர்ந்தவர் ஒரு காலைப்பொழுதில் எடுக்கும் பிரதிக்கு, தோட்டத்தில் பிறந்து மூன்று இடம் பெயர்ந்த கூலிக்காரி நாலைந்து நாட்கூலியை இழக்க வேண்டியிருக்கிறது.

பிறப்புப் பதிவு எப்போதும் இரட்டையாக எழுதப்படும். ஒரு பிரதி மாவட்டப் பதிவாளரிடமும் மற்றது பதிவாளர் நாயகம் திணைக்களத்திலும் இருக்கும். போரில் ஊர் அலுவலகம் எரிந்தவர்களுக்கும் இதனால்தான் நம்பிக்கை இருக்கிறது. அம்மாவின் பதிவு மலையகத்தில் என்பதால் அது எரிந்திருக்க வாய்ப்பில்லை. அட்டன் நுவரெலியா மாவட்டம். முதலில் உங்கள் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் கேளுங்கள். பதிவு கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம். இல்லாவிட்டால் அட்டன் பக்கப் பிரதேச செயலகத்துக்குத் தேடுதல் விண்ணப்பம் போக வேண்டும்.

தேடச் சொல்லும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். தோட்டத்துப் பிறப்புகளில் பெயர்க் கட்டம் வெறுமையாகவே விடப்பட்டிருப்பது உண்டு. பிள்ளைக்குப் பெயர் வைக்குமுன் தோட்டத் துரையின் (முகாமையாளரின்) அலுவலகத்திலிருந்து தகவல் போயிருக்கும். வீட்டில் முத்துலட்சுமி என்று கூப்பிட்டவர் பதிவில் மாரியாயியாகவும் இருப்பார். ஆகவே பெற்றோர் இருவரின் பெயர், தோட்டத்தின் பெயர், அதன் டிவிசன் (தோட்டப் பிரிவு), உத்தேச ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். 72 என்று வீட்டில் சொன்னாலும் 71, 73 இரண்டையும் சேர்த்துத் தேடக் கேளுங்கள். பதிவு கிடைத்து, பெயர் மட்டும் இல்லை அல்லது வேறு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பெயரைச் சேர்க்கவும் திருத்தவும் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஓரிரு எழுத்து வேறுபாடு மட்டும் என்றால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசியை ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள். ஏற்றால் திருத்த அலைச்சல் மிச்சம்.

பதிவே இல்லை என்றால், தேடியும் கிடைக்கவில்லை என்ற பெறுபேற்றை எழுத்தில் வாங்குங்கள். வாயால் ‘இல்லை’ என்று சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தால், ஆறு மாதம் கழித்து அதே யன்னலில் திரும்பவும் நிற்க வேண்டிவரும். அந்தக் கடதாசியோடு காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போகலாம். எது பொருந்தும் என்பதை மேலதிக மாவட்டப் பதிவாளர் சொல்வார். ஆதாரமாகப் பள்ளிக்கூட இடாப்புப் பிரதி, திருமணப் பதிவு, சாதகக் குறிப்பு, கிறிஸ்தவர் என்றால் ஞானஸ்நானச் சான்று, ஜி.எஸ். அறிக்கை என எது கிடைத்தாலும் சேருங்கள்.

உங்களிடமே ஒரு நல்ல ஆதாரம் இருப்பதைக் கவனித்தீர்களா? உங்கள் பிறப்புச் சான்றிதழில் தாயின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், இனம் எல்லாம் தனிக் கட்டங்களாக இருக்கும். அரச பதிவாளர் பல வருடங்களுக்கு முன் எழுதியது அது. இன்று எழுதிவாங்கும் எந்தக் கடிதத்தைவிடவும் கனமானது. உங்கள் சகோதரங்களுடையதையும் சேர்த்து வையுங்கள்.

அந்தக் கட்டத்தில் இனம் ‘இந்தியத் தமிழ்’ என்று இருந்தால் சில மேசைகளில் பிரசாவுரிமைப் பத்திரம் எங்கே என்று கேட்பார்கள். இனம் வேறு, நாட்டுரிமை வேறு. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்தன. அது படிப்படியாகவே திரும்பியது. 1988இன் 39ஆம் இலக்கச் சட்டமும், 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றவர்களாய் இருந்தோருக்குப் பிரசாவுரிமை கொடுத்தன. பின்னது 1964 ஒக்ரோபர் 30இலிருந்து இங்கே நிரந்தரமாக வசிப்பவர்களையும் அவர்களின் வழிவந்தவர்களையும் உள்ளடக்கும். சட்ட இலக்கத்தைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். சண்டை பிடிக்க அல்ல, கேட்டால் காட்டுவதற்கு.

பிறப்புச் சான்று கைக்கு வந்த பிறகு ஐ.சி. விண்ணப்பம் லேசு. படத்தைத் திணைக்களத்தில் பதிவு செய்த ஸ்டூடியோவில் எடுக்க வேண்டும். அவர்கள் படத்தை ஒன்லைனில் அனுப்பிவிட்டுத் தரும் பற்றுச்சீட்டை விண்ணப்பத்தோடு இணைத்து, ஜி.எஸ். உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் கொடுக்க வேண்டும். புதிய அட்டையில் பெயர் மூன்று மொழியிலும் வரும் என்பதால், ஆங்கில எழுத்துக்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வைக்குமுன் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

மனைவியின் விடயம். வெளிநாட்டில் பிறந்தவர் இலங்கைப் பிரசையின் பிள்ளை என்றாலும், வம்சாவழிப் பிரசாவுரிமையைப் பதிந்தால்தான் இங்கே பிரசை. பல குடும்பங்களிடம் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும், சிலரிடம் சென்னைத் துணை உயர்ஸ்தானிகராலயம் கொடுத்த கொன்சியூலர் பிறப்புச் சான்றிதழும் இருக்கும். அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். பிரசாவுரிமைச் சான்றிதழ் என்பது தனிக் கடதாசி. ஆட்பதிவுத் திணைக்களம் கேட்பது அதைத்தான். மாமா, மாமி ஊர் திரும்பிய நேரத்துக் கோவையை முதலில் தேடச் சொல்லுங்கள். எடுத்து வைத்துவிட்டு மறந்திருக்கவும் கூடும்.

இல்லை என்றால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரசாவுரிமைப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தலைமை அலுவலகம் பத்தரமுல்லை சுகுருபாயவில். ஆட்பதிவுத் திணைக்களமும் அதே கட்டடத்தில்தான், ஒரே பயணத்தில் இரண்டையும் விசாரிக்கலாம். இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களும் ஐ.சி.களும், அவர்களின் திருமணப் பதிவு, முகாம் அட்டை, ஊர் திரும்பியபோது தந்த பயண ஆவணம் ஆகியவற்றின் மூலமும் பிரதியும் வேண்டும். பெரும்பாலும் இடறுவது பெற்றோரின் திருமணப் பதிவில்தான். கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்டவர்கள் நிறையப் பேர். அது இல்லையென்றால், என்ன மாற்று ஆவணம் ஏற்கப்படும் என்று போவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். காலம் தாழ்த்திப் பதிவதற்குத் தண்டப்பணம் உண்டு. முகாமிலிருந்து திரும்பியவர் என்பதைச் சொல்லி விலக்குக் கேளுங்கள்.

பிரசாவுரிமைப் பத்திரம் வந்தபின் ஐ.சி., அதன்பின் இடாப்பு. இடாப்புக்கான தகைமைத் திகதி பெப்ரவரி 1. அன்று எங்கே வழமையாக வசிக்கிறாரோ அங்கேதான் பதிய வேண்டும். காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை, வீடு உறவினர் பெயரில் என்பதெல்லாம் தடையல்ல. ஜி.எஸ். கணக்கெடுப்புக்கு வரும்போது பெயரைக் கொடுத்து, வரைவு இடாப்பு காட்சிக்கு வைக்கும் நாட்களில் போய்ப் பாருங்கள். விடுபட்டிருந்தால் அப்போதே உரிமைக் கோரிக்கை போடலாம். ஒரு பக்கக் குறிப்பு: ஒட்டுசுட்டான்காரர் வாக்களிப்பது வன்னித் தேர்தல் மாவட்டத்தில். கிளிநொச்சியில் உறவினர்கள் இருந்தால், அவர்கள் ஊர் வன்னிப் பிரதேசத்தில் இருந்தாலும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் அடங்குவார்கள். அவர்கள் இடாப்பில் பெயர் தேடும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

எந்த அலுவலகத்தில் கொடுத்தாலும் ஏற்றுக்கொண்ட திகதி முத்திரையோடு ஒரு பிரதி வாங்குங்கள். மாதங்கள் போயும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். விண்ணப்பம் எந்தத் திகதியில் மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது, அதன் கோவை இலக்கம் என்ன, எந்த ஆவணம் இல்லாததால் நிற்கிறது என்ற மூன்றையும் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.