அடுக்குமாடிக் குடியிருப்பில் குப்பையைப் பிரித்துத் தர மறுப்பவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

லிப்டுக்கு அருகில் நான்கு முறை அறிவிப்பு ஒட்டியும் பயனில்லை என்றும், "நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது எழுந்து பேச்சை முடித்துவிடுகிறார் என்றும் கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சங்கத்தின் செயலாளராக இருக்க வேண்டும், அல்லது செயலாளர் தன் தலையிலிருந்து இறக்கி உங்கள் தலையில் வைத்த வேலையாக இது இருக்க வேண்டும். 48 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் மூன்று ஆண்டுகள் செயலாளராக இருந்து, இதே குப்பை விவகாரத்தின் பின்விளைவாகப் பதவியை விட்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். அந்த மூன்று ஆண்டுகளில் நான் பேசிச் சம்மதிக்க வைத்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் இன்று 44 வீடுகள் பிரித்துக் கொடுக்கின்றன.

எங்கள் குடியிருப்பு சென்னையின் தெற்குப் பக்கம் இருக்கிறது. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கில் பிடித்த தீ நாள்கணக்கில் புகைந்தபோது, காற்று எங்கள் பக்கம் திரும்பிய இரவுகளில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. மூன்றாவது மாடியில் ஆஸ்துமா உள்ள ஒரு சிறுவனுக்கு அந்த வாரம் முழுவதும் நெபுலைசர் வைத்தார்கள். அதுவரை மெயின்டெனன்ஸ் கட்டணத்தைத் தவிர வேறு எதற்கும் கூட்டத்திற்கு வராதவர்கள்கூட "இதற்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும்" என்றார்கள். அவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: காய்கறித் தோலும் மிச்சச் சோறும் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டபடி குப்பை மலைக்குள் காற்றில்லாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது, அது எளிதில் தீப்பிடிக்கும், ஆகவே அங்கே எரிவதற்கு நம் வீட்டுச் சமையலறையும் ஒரு காரணம். எல்லோரும் தலையாட்டினார்கள். புகை அடங்கியது. தலையாட்டலும் அடங்கியது.

அடுத்த கூட்டத்தில், அப்போது நடைமுறையிலிருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளை அச்செடுத்துக்கொண்டு வந்த ஒருவர், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள்தான் பெருமளவில் கழிவை உருவாக்குபவை என்ற கணக்கில் வரும் என்றும், நமக்கு அந்தக் கவலை வேண்டாம் என்றும் வாசித்துக் காட்டினார். மளிகைக் கடையிலிருந்து தொங்கு தராசு ஒன்றை இரவல் வாங்கி மூன்று நாள்கள் நிறுத்துப் பார்த்தேன். சராசரியாக 71 கிலோ வந்தது, அதில் 43 கிலோ மட்கும் குப்பை. அவர் சொன்ன எண் சரிதான். ஆனால் மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயகரமான கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஒற்றை வீட்டுக்காரர் உட்பட எல்லோருக்கும் பொருந்தும் என்று அதே விதிகளில் இருந்ததை அவர் வாசிக்கவில்லை. நான் வாசித்தேன். அதனாலும் எதுவும் நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்டில், வாகன நிறுத்தத்தின் பின்பக்கம், சுவரில் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கி நான்கு உரத்தொட்டிகள் கட்டினோம். இங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். தொட்டி இருந்தால் குப்பை தானாக உரமாகிவிடும் என்று நினைத்துவிட்டேன். ஈரக் குப்பைக்குச் சம அளவு காய்ந்த இலையாவது வேண்டும் என்று படித்திருந்தேன், ஆனால் எங்கள் வளாகத்து வேம்பும் வாதாமும் உதிர்த்த இலைகளைத் தோட்டக்காரர் வாரந்தோறும் மூட்டை கட்டி வெளியே அனுப்பிக்கொண்டிருந்ததை நான் நிறுத்தச் சொல்லவில்லை. தீபாவளி முடிந்த வாரத்தில் மழை பிடித்தது. பண்டிகை மிச்சமெல்லாம் தொட்டிக்குள் போயிருந்தது, எண்ணெய் ஊறிய முறுக்கும் ஊசிப்போன சாம்பாரும் உட்பட. இரண்டே நாளில் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. தொட்டியின் அடியிலிருந்து கஷாய நிறத்தில் தண்ணீர் கசிந்து முதல் வரிசைக் கார்களின் டயருக்குக் கீழே ஓடியது. அந்தத் தண்ணீரோடு புழுக்களும் வந்தன.

அவசரக் கூட்டம் கூட்டினார்கள். டெங்கு என்றார்கள், வாடகைக்கு ஆள் வரமாட்டார்கள் என்றார்கள், தொட்டியை இடித்துவிட்டு அங்கே இன்னும் இரண்டு கார் நிறுத்தலாம் என்றார்கள். பதினைந்து நாள் அவகாசம் கேட்டேன். மறுநாள் காலையில் மழைக்கோட்டும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு நான்கு தொட்டிகளையும் மண்வெட்டியால் கிளறினேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் உட்கார்ந்து வேலை பார்த்த உடம்பு, அன்று மாலை படுத்தது மறுநாள் மதியம்தான் எழுந்தது. தென்னை நார்க் கழிவு ஆறு மூட்டை வாங்கிக் கலந்தேன், மேலே தகரம் போட்டேன், புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளித்தேன். நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 25 முதல் 30 பங்கு வரை கரிமம் (கார்பன்) தேவைப்படுகிறது. காய்கறிக் கழிவில் தழைச்சத்து அதிகம், கரிமம் குறைவு. காய்ந்த இலையும் நாரும் அந்தக் குறையை நிரப்புவதோடு, ஈரத்தை உறிஞ்சிக் காற்றுக்கும் இடம் விடுகின்றன. காற்று கிடைக்காதபோது வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, நாற்றம் அவற்றின் வேலை. இதையெல்லாம் அந்தப் பதினைந்து நாளில்தான் நான் உண்மையாகப் புரிந்துகொண்டேன். பத்தாம் நாள் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டபோது, நடுவில் சுடுசோற்றுக்குள் கை வைத்ததைப் போலச் சுட்டது. நாற்றம் போய், மழை நின்ற மறுநாள் தோப்பில் வரும் வாசனை வந்தது. தொட்டியை இடிக்கும் பேச்சு அத்தோடு நின்றது.

இனி உங்கள் கேள்வி. பிரித்துக் கொடுப்பதில்தான் அதற்குப் பிறகும் சிக்கல் இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் பச்சை வாளி ஒன்று, நீல வாளி ஒன்று வைத்திருந்தோம். இரவு பதினொரு மணிக்குக் கதவைத் திறந்து, கையிலிருக்கும் முடிச்சைக் கிட்ட இருக்கும் வாளியில் போட்டுவிட்டுப் போனால் யார் போட்டது என்று யாருக்குத் தெரியும்? எங்கள் குடியிருப்பைப் பெருக்கித் துடைக்கும் அம்மையார் பச்சை வாளியைக் கீழே கொட்டிக் கையால் பிரித்துக்கொண்டிருந்ததை நான் பல நாள்கள் பார்த்தும் பார்க்காதவனாகப் போயிருக்கிறேன். ஒருநாள் அவர் என்னை நிறுத்தினார். சோற்றுக்கு நடுவில் செய்தித்தாள்கூடச் சுற்றாத ஒரு டயப்பர் விரிந்து கிடந்தது. "சார், இதை வெறுங்கையால நான் எடுக்கணுமா? உங்க வீட்டு அம்மாவை எடுக்கச் சொல்வீங்களா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. என்னிடம் பதில் இல்லை.

அந்த வாரமே மாடிகளிலிருந்த பொது வாளிகள் அனைத்தையும் எடுத்துவிட்டோம். காலை ஏழரை முதல் எட்டரை வரை அவர் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வருவார். வீட்டுக்காரர் தங்கள் வாளியைக் கையில் கொடுக்க வேண்டும். மூடியைத் திறந்து பார்த்து, கலந்திருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட அவருக்கு உரிமை உண்டு என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். டயப்பரும் நாப்கினும் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுத் தனியாக வர வேண்டும். முதல் வாரத்தில் பதினேழு வாளிகள் வாசலில் நின்றன, மூன்றாம் வாரத்தில் ஐந்து. பெருங்குடிப் புகையாலும் என் பேச்சாலும் ஆகாதது, எதிர் வீட்டுக்காரர் கண்ணில் படும்படி வாசலில் நாறிக்கொண்டு நின்ற வாளியால் ஆனது.

ஏழைப் பெண்மணியை முன்னால் நிறுத்திவிட்டு நீ பின்னால் ஒளிந்துகொண்டாய் என்று சிலர் இதைப் படித்துவிட்டுச் சொல்லக்கூடும். அந்தக் குற்றச்சாட்டை நானே என் மேல் வைத்துப் பார்த்திருக்கிறேன். அவருடைய சம்பளத்தை மாதம் 2,500 ரூபாய் உயர்த்திய பிறகே இந்த வேலையைக் கேட்டோம். "குப்பை எடுக்க வந்தவள் எனக்குப் பாடம் நடத்துகிறாள்" என்று ஒருவர் அவரிடம் கத்தியபோது, அடுத்த ஒரு வாரம் அந்த மாடிக்கு அவருக்குப் பதிலாக நானே வாளி தூக்கிக்கொண்டு போனேன். அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் வாளியை நீட்டுவார், ஆனால் பிரித்த வாளியைத்தான் நீட்டினார்.

அந்தப் பதவியை நான் விட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இது வரும். பிரிக்கத் தொடங்கியதும் உலர்ந்த குப்பை சுத்தமாகச் சேர்ந்தது. அட்டைப்பெட்டி, செய்தித்தாள், ஷாம்பு பாட்டில், கழுவிக் காயவைத்த பால் பாக்கெட் ஆகிய எல்லாவற்றுக்கும் காயலான் கடையில் விலை உண்டு. பிஸ்கட், சிப்ஸ் உறைகளைத்தான் யாரும் வாங்கமாட்டார்கள். பல அடுக்குகள் ஒட்டிய அந்த உறைகளைப் பிரித்தெடுக்க வழியில்லாமல், சேர்ப்பவர்கள் சேர்த்தாலும் பெரும்பாலும் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகத்தான் போகின்றன. விற்ற பணத்தை அந்த அம்மையாரே எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் சொல்லியிருந்தேன். மாதம் மூவாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே வந்தது. ஆண்டுக் கணக்கு பார்க்கும் கூட்டத்தில் எங்கள் பொருளாளர், "சங்கத்தின் சொத்தை யாரைக் கேட்டு வெளியாளுக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். முந்தைய ஆண்டு வரை காசு கொடுத்து வெளியே தள்ளிய பொருள், விலை வந்தவுடன் சொத்தாகிவிட்டது! 48 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு அறுபத்து நான்கு ரூபாய் சொச்சம். ஜெனரேட்டர் டீசல் ரசீதைக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடும் குழு, இதற்கு ஒன்றரை மணி நேரம் விவாதித்தது. வாக்கெடுப்பில் என் பக்கம்தான் வென்றது, 21க்கு 19. ஆனால் நான் அதில் பங்கு வாங்கியிருப்பேன் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு அந்த நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. உங்கள் சங்கத்தில் இந்தப் பணம் யாருக்கு என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள். வேலை செய்பவருக்கே என்று எழுதுங்கள்.

சலிக்கும் வேலை மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு மாதத்தில் உரம் பழுத்துவிடும், கோழிக்கூட்டுக் கம்பி வலையைச் சட்டத்தில் அடித்து ஞாயிற்றுக்கிழமை சலிப்பேன். வலையின் மேலே நிற்பவற்றைப் பார்த்தாலே எங்கள் 48 வீடுகளின் காலைப்பொழுது தெரியும்: மாங்கொட்டை, ஆப்பிளில் ஒட்டியிருந்த வட்ட ஸ்டிக்கர், கறிவேப்பிலைக் கட்டின் ரப்பர் வளையம், எல்லாவற்றையும்விட அதிகமாகப் பால் பாக்கெட்டின் கத்தரித்த மூலை. சுண்டுவிரல் நகம் அளவுள்ள நீல முக்கோணங்கள். ஒரு சலிப்பில் எண்ணிப் பார்த்தேன், 186 இருந்தன. பாக்கெட்டைக் கழுவிக் கொடுக்கும் ஒழுங்கான வீடுகளிலிருந்துதான் அவையும் வருகின்றன. மூலையை முழுதாக வெட்டி எறியாமல், பாக்கெட்டோடு ஒட்டியிருக்கும்படி ஒரு கீறல் மட்டும் போட்டால் போதும். இதை வாட்ஸ்அப் குழுவில் எழுதவில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியில் அந்த நீலத் துண்டுகளை நிரப்பி, நீங்கள் அறிவிப்பு ஒட்டியதைப் போலவே எங்கள் லிப்டுக்கு அருகில் வைத்தேன். இப்போது ஒரு சலிப்பில் பதினைந்து இருபதுக்கு மேல் கிடைப்பதில்லை.

இன்னொரு பொருளைப் பற்றியும் எச்சரிக்கிறேன். கல்யாண மண்டபத்தில் தாம்பூலம் போட்டுத் தரும் வழவழப்பான பையைத் துணி என்று நினைத்து மட்கும் குப்பையில் சேர்க்கும் நல்லவர்கள் எங்கள் வளாகத்தில் உண்டு. ஓரத்தில் நெருப்பைக் காட்டுங்கள். பருத்தியாக இருந்தால் காகிதம் போல எரிந்து சாம்பலாகும், அந்தப் பையோ உருகிச் சொட்டும், ஏனென்றால் அது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 2019 ஜனவரி முதல் நாளில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த 14 பொருள்களின் தடைப் பட்டியலிலேயே இந்த நெய்யாத பை இருக்கிறது. 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கிய பிறகும், மஞ்சள் நிறத்திலேயே அச்சடித்த இந்தப் பையை ஒரு வளைகாப்பில் என் கையில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன், மறுக்கும் துணிவு அங்கே எனக்கு இல்லை.

"வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே" என்பதற்கு வருகிறேன். கொட்டுகிறார்கள், நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்பவரிடம் வாதாடாதீர்கள், அவர் சொல்வது உண்மை. மட்கும் 43 கிலோ எங்கள் வாசலைத் தாண்டுவதில்லை, விலை போகும் பொருள்கள் காயலான் கடைக்குப் போய்விடுகின்றன. வண்டிக்கு நாங்கள் கொடுப்பது சிப்ஸ் உறைகள் ஒரு சாக்கு, டயப்பரும் நாப்கினும் இன்னொரு சாக்கு, அவ்வளவுதான். அவற்றை ஒன்றாகக் கொட்டினால் கலப்பதற்கு அதில் சோறு இல்லை. தொட்டி கட்ட இடமே இல்லாத குடியிருப்புகளுக்கு இந்த வழி உதவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இடம் இருக்கிறது என்றால், மழைக்காலத்தில் தொடங்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் வாதாம் மரம் சிவந்து உதிர்க்கத் தொடங்கும்போது, தோட்டக்காரரிடம் ஓர் இலைகூட வெளியே போகக்கூடாது என்று சொல்லிச் சிமென்ட் சாக்குகளில் மிதித்து அடைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு ஓர் ஆண்டுக்கு எழுபது சாக்கு பிடிக்கிறது. மாடிப்படிக்குக் கீழே மழை படாமல் அடுக்கி வைத்திருக்கிறோம். போன வாரம் எண்ணியபோது இருபத்திரண்டு மிச்சம் இருந்தது.