வாசகர் கேள்விகள்: அடுத்தவர் பீப்பாயில் ஒரு மடக்கு

கேள்வி: கலிபோர்னியாவில் என் மகன் குடியிருக்கும் தெருவில் ஒயின் தயாரிப்பவர் ஒருவர் இருக்கிறார். அறுவடை வேலையெல்லாம் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் வரை போவாராம். வழியெல்லாம் நண்பர்கள் வீட்டில் தங்கி, அவர்களுடைய ஒயினரிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவாராம். அந்த நண்பர்களும் ஒயின் விற்கிறவர்கள்தானே? போட்டிக்காரரைத் தன் பீப்பாய் வரைக்கும் யாராவது விடுவார்களா சார்?
– எஸ்.ஆர்., கரூர்

பதில்: தாராளமாக விடுவார்கள். ஒயின் உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாம்பாரில் புளி தூக்கலாகிவிட்டால் நாளைக்குச் சரியாக வைத்துக்கொள்ளலாம். ஒயின் தயாரிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. வருடத்துக்கு ஒரே அறுவடை. இருபத்தைந்து வயதில் தொழிலுக்கு வந்து அறுபத்தைந்தில் ஓய்வு பெறுகிறவருக்கு வாழ்நாள் முழுக்க நாற்பதே வாய்ப்புகள், அதிலும் மழை கெடுத்த வருடம், காட்டுத் தீப் புகை படிந்த வருடம் என்று சில போய்விடும். ஆக, அனுபவம் சேர வேண்டுமென்றால் அடுத்தவர் அறுவடையையும் பார்த்தாக வேண்டும். பத்து நண்பர்களின் நிலவறைக்குள் நுழைந்து வந்தால், அந்த ஒரே வருடத்தில் பத்துப் பேர் எடுத்த முடிவுகள் என்ன ஆயின என்று நாக்கிலேயே தெரிந்துவிடும். வேறு எந்த வழியிலும் கிடைக்காத படிப்பு இது.

உள்ளே என்ன நடக்கும் என்கிறீர்களா? பீப்பாயின் மேல்துளை அடைப்பைக் கழற்றி, நீளமான கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, மேல்முனையை விரலால் மூடி எடுத்து, ஆளுக்கு ஒரு மடக்கு கிளாஸில் விடுவார்கள். இளசான ஒயின், இன்னும் கலங்கலாகத்தான் இருக்கும். சில சமயம் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நண்பர் எதுவும் பேசாமல் பையிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்துத் துடைத்து அந்த கிளாஸில் போட்டுச் சுழற்றுவார். மறுபடி முகர்ந்தால் நாற்றம் போயிருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடைச் செம்பு பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். நொதிக்கும்போது ஈஸ்டுக்குப் போதிய நைட்ரஜன் கிடைக்காவிட்டால் இப்படி ஆகும். அப்புறம் பேச்சு அங்கேதான் சூடு பிடிக்கும்: பழம் எந்தச் சரிவிலிருந்து வந்தது, என்ன ஈஸ்ட், நொதிக்கும்போது சூடு எவ்வளவு ஏறியது என்று. விருந்தாளி தன் தொட்டியில் நடந்ததையும் மறைக்காமல் சொல்வார்.

இதை ஒரு கூட்டமாகவே நடத்தியவர்கள் உண்டு. ஓரிகனில் நார்த் அம்ப்குவா ஆற்றங்கரையில் ஸ்டீம்போட் இன் என்றொரு விடுதி இருக்கிறது. 1980 முதல் அங்கே பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சையில் ஒயின் தயாரிப்பவர்கள் கூடி வந்தார்கள், கலிபோர்னியாக்காரர்களும் ஓரிகன்காரர்களும். விற்பனைக்கான நல்ல பாட்டில்களைக் காட்டுவதற்காக வந்த கூட்டம் இல்லை அது. சிக்கலான ஒயினைக் கொண்டுவந்து வைத்து, இதில் எங்கே பிசகியது என்று கேட்பதற்காக. அந்த வட்டாரத்தின் ஒயின் இவ்வளவு சீக்கிரம் பேர் வாங்கியதில் இந்த வெளிப்படைக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

போட்டி, நட்பு இரண்டும் எப்படிக் கலந்தே இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். டேவிட் லெட் என்பவர் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஒயின் படிப்பு படித்துவிட்டு 1965-ல் சுமார் 3,000 திராட்சைக் குச்சிகளோடு ஓரிகனுக்குப் போனார். மழை அதிகம், குளிர் அதிகம், பினோ நுவாரா, அங்கேயா என்று கேட்டார்கள். அடுத்த வருடம் டண்டீ மலைச்சரிவில் நட்டார். அவருடைய 1975-ஆம் வருட ஒயின் 1979-ல் பாரிஸில் நடந்த போட்டியில் முதல் பத்துக்குள் வந்துவிட்டது. பினோ நுவாருக்குப் பேர்போன பிரெஞ்சு வட்டாரமான பர்கண்டியின் பெரிய ஒயின் வணிகர் ரொபேர் துரூவன் நம்ப முடியாமல் 1980-ல் தானே இன்னொரு போட்டி வைத்தார். அதில் லெட்டின் ஒயின் இரண்டாவது, அதுவும் மயிரிழையில். துரூவன் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் மகள் வெரோனிக் 1986 அறுவடைக்கு ஓரிகனுக்கே வந்து லெட் குடும்பத்தோடும் வேறு சிலரோடும் வேலை செய்தார். மறு வருடமே அதே டண்டீ மலையில் நிலம் வாங்கிவிட்டார்கள். இப்போது அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு மூன்று நான்கு ஒயினரி என்றால், குடித்துவிட்டா வண்டி ஓட்டுகிறார்கள்?
– தே.ம., நாகர்கோவில்

பதில்: விழுங்க மாட்டார்கள். வாயில் வைத்துச் சுழற்றிப் பார்த்துத் துப்பிவிடுவார்கள். நிலவறையில் தரையிலேயே வடிகால் இருக்கும், அதில் குறி பார்த்துத் துப்புவது தொழில் பழக்கம். நாள் முழுக்கச் சுவைக்க வேண்டியவர் விழுங்கினால் நாலாவது பீப்பாயில் தீர்ப்பே தவறிவிடும். துப்பினாலும் கொஞ்சம் ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மூன்றிலும் வண்டி ஓட்டுகிறவருக்கு வரம்பு 0.08 சதவீதம். அதனால்தான் கடைசி ஒயினரி நண்பருடையதாக இருக்கட்டும், ராத்திரி அங்கேயே சாப்பிட்டுப் படுத்துவிடலாம் என்று பயணத்தை அமைத்துக்கொள்வார்கள். மிகச் சரியான ஏற்பாடு.

கேள்வி: இப்படி ஊர் சுற்றி வந்ததால் யாருடைய ஒயினாவது உண்மையில் மாறியிருக்கிறதா?
– க.வ., திருச்சி

பதில்: ஆஸ்திரேலியாவின் மேக்ஸ் ஷூபர்ட். பென்ஃபோல்ட்ஸ் என்ற ஒயின் நிறுவனத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து தலைமைத் தயாரிப்பாளர் ஆனவர். 1950-ல் ஷெர்ரி என்கிற ஸ்பானிஷ் ஒயின் வகையைச் செய்யக் கற்றுவர ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். ஊர் திரும்புவதற்கு முன்னால் பிரான்சின் ஒயின் வட்டாரமான போர்தோவுக்கும் போனார். அங்கே கிறிஸ்தியான் குரூஸ் என்பவர் அவரை உபசரித்து, நாற்பது ஐம்பது வருடப் பழைய ஒயின்களைத் திறந்து ஊற்றினார். அத்தனை வயதிலும் மணம் குன்றாத ஒயின்கள். நம் ஊரிலும் இப்படி நிலைக்கிற ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று அவருக்குப் பிடித்துக்கொண்டது.

அடிலெய்ட் பக்கம் மகில் நிலவறையில் 1951-ல் தொடங்கினார். போர்தோவின் கபர்னே திராட்சை அங்கே போதுமான அளவு இல்லை, ஷிராஸ் திராட்சைதான் நிறைய. சரி, அதிலேயே செய்வோம் என்று புது அமெரிக்க ஓக் பீப்பாய்களில் நொதித்தலை முடிக்கவிட்டார். அதுதான் ஆஸ்திரேலியாவின் பேர்போன ஒயினான கிரேஞ்ச். ஆரம்பத்தில் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. 1957-ல் நிர்வாகம் நிறுத்தச் சொல்லிவிட்டது. அவர் நிறுத்தவில்லை. 57, 58, 59 மூன்று வருடமும் மறைவாகவே செய்தார், புதுப் பீப்பாய்க்குப் பணம் கேட்க முடியாமல். பழைய பாட்டில்கள் பக்குவப்பட்டு அருமை தெரிந்த பிறகு 1960-ல் நிர்வாகமே மறுபடி செய்யச் சொன்னது. குரூஸ் அன்றைக்குத் தன் நல்ல பாட்டில்களைப் பூட்டி வைத்திருந்தால் இதெல்லாம் எங்கே?

கேள்வி: எந்த மாதத்தில் போவார்கள்?
– ஜெ., ஊட்டி

பதில்: கலிபோர்னியாவில் அறுவடை ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் வரை ஓடும், அப்போது யாரும் அசைய முடியாது. ஒயின் பீப்பாய்க்குள் அடங்கிய பிறகு, குளிர்காலத்திலோ வசந்தத்திலோ போவார்கள்.

கேள்வி: போகிற இடத்தில் நல்ல கொடி பார்த்தால் ஒரு குச்சி ஒடித்துவர மாட்டார்களா? அடுத்த மாதம் மகனோடு ஓரிகன் தோட்டங்களுக்குப் போகிறோம், அதனால் கேட்கிறேன்.
– மீ.சு., கோவை

பதில்: தயவுசெய்து அந்த எண்ணமே வேண்டாம். ஃபிலாக்ஸெரா என்று வேரை உறிஞ்சும் குட்டிப் பூச்சி, வட அமெரிக்காவிலிருந்து செடியோடு போய் 1860-களிலிருந்து பிரான்சின் தோட்டங்களை அழித்தது. கடைசியில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். ஓரிகனில் அது 1990-ல் தென்பட்டது, வாஷிங்டனின் வாலா வாலா பள்ளத்தாக்கில் 2019-ல். அங்கே ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் நிற்கும் கொடிகள் இன்னும் நிறைய இருக்கின்றன, அவற்றுக்குப் பாதுகாப்பே கிடையாது. குச்சி மட்டுமில்லை, காலணியில் ஒட்டிய மண்ணே போதும் அதைக் கொண்டுசேர்க்க. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இருவரும் செருப்பின் அடியை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொள்ளுங்கள். முடிந்தால் வேறு ஜோடி மாற்றிக்கொள்ளுங்கள். கொடிகளுக்கு நடுவே இறங்குமுன் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவருக்கும் சந்தோஷம்.