மைவி எஞ்சின் பறக்குமா? சுங்கை சிப்புட் பட்டறையிலிருந்து பதில்கள்

சுங்கை சிப்புட்டில் லோரி, டிராக்டர் பழுது பார்ப்பது என் தொழில். வீட்டில் கட்டுகிற சிறு விமானங்களுக்குக் கார் எஞ்சின் பொருத்துவது என் கிறுக்கு. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில். அனுமதி விஷயமெல்லாம் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பேசிக்கொள்ளுங்கள். நான் எஞ்சினை மட்டும் பேசுகிறேன்.

தாப்பாவிலிருந்து: அண்ணே, பழைய பெரோடுவா மைவி 1.3 கார் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. அந்த எஞ்சினை விமானத்தில் போடலாமா?

எஞ்சின் நல்ல எஞ்சின்தான் தம்பி. ஆனால் அதன் 86 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 6000 சுற்றில்தான் வருகிறது. 1.7 மீட்டர் புரொப்பெல்லரை நேரடியாக மாட்டி 5500 சுற்றில் சுற்றினால் அதன் நுனி நொடிக்கு 490 மீட்டர் வேகத்தில் ஓடும். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகமே சுமார் 350 மீட்டர்தான். நுனி ஒலியைத் தாண்டினால் சத்தம் காதைப் பிளக்கும், விமானத்தை இழுக்கும் சக்தியும் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே சுற்றைக் குறைக்க ஒரு கியர்பாக்ஸ் வேண்டும். மைவிக்கென்று செய்து, பறந்து, தேறிய கியர்பாக்ஸ் எதையும் நான் பார்த்ததில்லை. நீங்களே செய்தால் சோதனை எலியும் நீங்களேதான்.

அப்புறம் அதன் கம்ப்யூட்டர். ஏதாவது ஒரு சென்சார் கெட்டால் எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகச் சக்தியைக் குறைத்துவிடும். சாலையில் ஓரம் கட்டலாம். செம்பனைத் தோட்டத்துக்கு மேலே எங்கே ஓரம் கட்டுவது? அதை எடுத்துவிட்டு, நாமே புரோகிராம் செய்யக்கூடிய கம்ப்யூட்டர் போடவேண்டும்.

கோல கங்சாரிலிருந்து: அப்படியென்றால் எதைத்தான் எடுப்பது?

பலர் பல வருடம் பறந்து, எங்கே உடையும் என்று ஊருக்கே தெரிந்த எஞ்சினை எடுங்கள். வோக்ஸ்வாகன் பீட்டில் எஞ்சின் அதில் முதல். காற்றால் குளிர்வது, கியர் தேவையில்லை, 2180 சிசிக்குப் பெரிதாக்கினால் 80 குதிரைத்திறன் வரை தரும். ஆனால் 3000 சுற்றுக்கு மேல் நேரடியாகச் சுற்றுவதால் புரொப்பெல்லர் சிறியதாக இருக்கவேண்டும், ஒன்றரை மீட்டருக்குள். இலேசான, வழுவழுப்பான விமானத்துக்குச் சரி. கம்பிகளும் கட்டைகளுமாக மெதுவாகப் போகிற விமானத்துக்குச் சரிப்படாது.

செவ்ரோலே கொர்வேர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் நல்ல பெயர் எடுத்தது. 1960களில் வந்த கார். அதன் கிராங்க் ஷாஃப்ட், அதாவது எஞ்சினின் சுழல்தண்டு, சில விமானங்களில் விரிசல் விட்டது. காரில் இருந்தவரை புரொப்பெல்லர் அதை வளைத்ததே இல்லை, அதுதான் காரணம். முன்பக்கம் கூடுதலாக ஒரு பேரிங் போட்டபின் நிலைமை தேவலாம். ஆனால் உதிரி பாகம் எல்லாம் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும்.

சுபாரு ஈஏ81 நான் விரும்புவது. டைமிங் பெல்ட் இல்லை, அறுந்துபோகும் என்ற பயமும் இல்லை. கியர்பாக்ஸும் ரேடியேட்டரும் வேண்டும், எடை கூடும்.

ஈப்போவிலிருந்து: ஹாஃப் கட் கடையில் (பழைய காரைப் பாதியாக வெட்டி விற்கும் கடை) எஞ்சின் வாங்கலாமா ஐயா?

வாங்கலாம். ஆனால் பிரித்துப் பார்க்காமல், கிராங்க் ஷாஃப்டில் விரிசல் சோதனை செய்யாமல் போடாதீர்கள். கடைக்காரர் சொல்கிற கிலோமீட்டரைக் காதில் வாங்கவே வேண்டாம்.

தைப்பிங்கிலிருந்து: கியர்பாக்ஸ் ஏன் உடைகிறது? பல்லெல்லாம் பெரிதாகத்தானே இருக்கிறது?

பல்லின் அளவு முக்கியமில்லை. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரே சீராகத் திருப்புவதில்லை, ஒரு சுற்றுக்கு இரண்டு அடி அடிக்கும். காரில் ஃப்ளைவீலும் கிளட்ச் ஸ்பிரிங்கும் டயரும் அதை வாங்கிக்கொள்ளும். புரொப்பெல்லர் அப்படி இல்லை, தன் வேகத்தை மாற்றிக்கொள்ள அது லேசில் சம்மதிக்காது. எஞ்சின் முன்னும் பின்னும் உதற, நடுவில் மாட்டிய பல்லும் தண்டும் அடிவாங்கும். ஏதோ ஒரு சுற்றில் அந்த அடியும் தண்டின் இயல்பான அதிர்வும் ஒன்றாகச் சேரும். பெரும்பாலும் ஐட்லிங் பக்கத்தில்தான் இது நடக்கும். அந்தச் சுற்றில் எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிடக் கூடாது. நடுவில் ரப்பர் கப்ளிங் போடவேண்டும். கியர்பாக்ஸ் செய்தவர் சொன்னதைவிடக் கனமான புரொப்பெல்லரை "அழகாக இருக்கிறதே" என்று மாட்டக் கூடாது. தொழிற்சாலையில் விமானத்துக்கென்றே செய்யும் ரோட்டாக்ஸ் 912-இலும் இந்த அடியை வாங்க கியர்பாக்ஸுக்குள் தனி ஏற்பாடு உண்டு. அவர்களே அப்படி என்றால் நாம் எந்த மூலைக்கு?

கூலிமிலிருந்து ஓர் ஆசிரியை: நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடும் கார் சூடாவதில்லை. விமானத்தில் மட்டும் ஏன்?

மணிக்கு 110 கிலோமீட்டரில் போகிற காருக்கு அதன் சக்தியில் சுமார் கால் பங்கு போதும் டீச்சர். விமானம் முழு சக்தியில் ஏறும், அப்புறம் முக்கால் சக்தியில் மணிக்கணக்காகப் பறக்கும். ஏறும்போது காற்றின் வேகமும் குறைவு. ரேடியேட்டரைப் பெரிதாக்கினால் போதும் என்று நினைப்பார்கள். காற்று உள்ளே வர வழி விட்டவர்கள் வெளியே போக வழி விடமாட்டார்கள். முதலில் வெளியேறும் வாயைச் சரி செய்யுங்கள்.

பகான் செராயிலிருந்து: கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்கும் என்கிறார்களே, மலேசியாவிலா அங்கிள்?

இங்கேதான் பிடிக்கும்! பெட்ரோலைக் காற்றோடு கலப்பது கார்புரேட்டர். பெட்ரோல் ஆவியாகும்போது அதன் கழுத்தில் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் இறங்கும். காலையில் 24 டிகிரி, காற்றெல்லாம் ஈரம், திராட்டலைக் குறைத்து இறங்குகிறீர்கள்: ஐஸ் கட்ட இதைவிட நல்ல நேரம் கிடையாது. சுற்று மெல்ல மெல்லக் குறையும். உடனே கார்புரேட்டருக்குப் போகும் சூடான காற்றை முழுதாகத் திறந்துவிடுங்கள். உருகிய தண்ணீர் உள்ளே போய் எஞ்சின் கொஞ்சம் இருமும். பயந்து மூடிவிடாதீர்கள்.

நம் வெயிலுக்கு இன்னொன்று. பெட்ரோல் பம்ப் டேங்க் பக்கத்தில் இருந்து தள்ளவேண்டும். எஞ்சின் பக்கத்தில் இருந்து உறிஞ்சினால் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். பம்பும் இரண்டு, பேட்டரியும் இரண்டு.

சுங்கை சிப்புட், நம்ம பக்கத்துத் தோட்டம்: மாதம் ஒரு தடவைதான் பறக்கிறேன். பராமரிப்பு குறைவுதானே?

அதிகம். சும்மா நிற்கிற எஞ்சின்தான் துருப்பிடிக்கும். அஞ்சு நிமிடம் தரையில் ஓட்டி அணைப்பது இன்னும் கெடுதல், ஆயிலில் சேர்ந்த ஈரம் வெளியேறாது. ஓட்டினால் பறந்து நன்றாகச் சூடாக்கி ஓட்டுங்கள். 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றி, ஃபில்டரை வெட்டிப் பிரித்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். பீட்டில் என்றால் வால்வு இடைவெளியும் அன்றைக்கே. ஒவ்வொரு தடவையும் டேங்க் அடியில் தண்ணீரை வடித்துப் பாருங்கள். குளவி மண்ணால் டேங்க் காற்றுத் துளையை அடைத்திருக்கும், அதையும் குத்திப் பாருங்கள். செம்பனைக்கு வரும் எலி வயரையும் கடிக்கும்.

தெலுக் இந்தானிலிருந்து: முதல் தடவை பறப்பதற்கு முன் எதைச் சோதிப்பது?

பெட்ரோல் ஓட்டத்தை. மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி வைத்து, டேங்கில் கொஞ்சமாக விட்டு, கார்புரேட்டர் குழாயைக் கழற்றி அளவு பாத்திரத்தில் பிடியுங்கள். பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் அமைப்பு என்றால் முழு சக்திக்கு வேண்டியதில் ஒன்றரை மடங்கு வரவேண்டும். பம்ப் இருந்தால் ஒன்றேகால் மடங்கு. வரவில்லையா, எஞ்சினைத் தொடாதீர்கள். குழாயின் அளவையும் வளைவுகளையும் ஃபில்டரையும் பாருங்கள், அதில்தான் இருக்கும்.