வண்டி கேள்வி பதில்: டைமிங்க காதால வைக்காதீங்க, அளந்து வைங்க

கேள்வி: சார், என்கிட்ட பாயிண்ட் செட் (திறந்து மூடி பிளக்ல பொறி விழ வைக்கிற சின்ன சுவிட்ச்) வச்ச பழைய புல்லட் 350 இருக்கு. புது பாயிண்ட் மாத்தினதுல இருந்து கிக்கர் காலைத் திருப்பி அடிக்குது, லோடுல முறுக்கினா இன்ஜின்ல டக் டக்னு தட்டுற சத்தம் வேற. ஒரு மெக்கானிக் வண்டிய ஓட விட்டு, சத்தத்தக் கேட்டுக்கிட்டே பாயிண்ட் உக்காந்திருக்கிற பிளேட்ட அங்கயும் இங்கயும் திருப்பி "இப்ப சரி"ன்னு அனுப்பிட்டாரு, ஆனா சரியாகல. நானே டைமிங் (பிளக்ல பொறி விழுற நேரம்) வைக்க முடியுமா?

பதில்: தாராளமா முடியும். ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு), சின்ன டெஸ்ட் பல்பு, ஒரு டிகிரி டிஸ்க் (டிகிரி குறிச்ச வட்டத் தகடு), வீணாப்போன பிளக் ஒண்ணு, இது போதும். காதால வைக்கிற பழக்கத்த மட்டும் விட்ருங்க. அட்வான்ஸ் (பொறி சீக்கிரமே விழுறது) கொஞ்சம் கூடினா ஐடிலிங் ஏறும், வண்டி துடிப்பா இருக்கிற மாதிரியே கேக்கும், அத நம்பி ஓட்டினா லோடுல தட்ட ஆரம்பிச்சு பிஸ்டன் தலை உருகுற வரைக்கும் போயிடும்.

பாயிண்ட் மாத்தின பிறகுதான் பிரச்சினைன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் முக்கியம். கேப் (பாயிண்ட் இடைவெளி) கூடுதலா இருந்தா ஹீல் (பாயிண்ட்டுல கேமோட உரசுற முனை) கேம் (சுத்திக்கிட்டே பாயிண்ட்டத் திறக்கிற மேடு) மேல சீக்கிரமே ஏறி பாயிண்ட் முன்னாடியே திறந்துடும், நீங்க பிளேட்டத் தொடாமலே டைமிங் அட்வான்ஸ் ஆயிடும். அதனால எப்பவும் கேப் முதல்ல, டைமிங் அப்புறம். இந்த வரிசைய மாத்தினா எத்தன தடவ வச்சாலும் நிக்காது. புல்லட்டுக்கு கேப் 0.35ல இருந்து 0.40 மி.மீ. வரைக்கும், பாயிண்ட் முழுசா திறந்து நிக்கிற இடத்துல அளக்கணும். அதே சமயம் பிளேட்டுக்குப் பின்னாடி இருக்கிற, வேகம் ஏற ஏற தானா அட்வான்ஸ் பண்ற ஆட்டோ அட்வான்ஸ் வெயிட் ரெண்டையும் விரலால விரிச்சு விட்டுப் பாருங்க, ஸ்பிரிங் இழுத்து டக்குனு பழைய இடத்துக்கு வரணும். துரு பிடிச்சு விரிஞ்ச மேனிக்கே நின்னுட்டா அதுவும் காலைத் திருப்பி அடிக்கும், அத சரி பண்ணாம பிளேட்டத் திருப்பி பிரயோஜனமே இல்ல.

இந்த வண்டிக்கு கணக்கு என்னன்னா, வெயிட் ஒடுங்கி ஃபுல் ரிட்டார்ட்ல (பொறி ரொம்ப லேட்டா விழுற நிலையில) இருக்கும்போது பிஸ்டன் டாப்புக்கு (அது ஏறுற உச்சிக்கு) வர 0.8 மி.மீ. இருக்கையில பாயிண்ட் திறக்க ஆரம்பிக்கணும். இங்கதான் நிறைய பேர் கோட்ட விடுறாங்க, பிளக் ஓட்டையில ஸ்க்ரூ டிரைவர விட்டு அது மேல ஏறி நின்ன இடம்தான் டாப்புன்னு வச்சுக்கறாங்க. ஆனா 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) இருக்கிற இன்ஜின்ல டாப்புக்கு முன்னாடி 5 டிகிரியில பிஸ்டன் நகர்றது 0.2 மி.மீ. அளவுதான், அத கண்ணால யாராலயும் பிடிக்க முடியாது. போதாக்குறைக்கு புல்லட்ல பிளக் ஓட்டை சாய்வா இருக்கு, உள்ள விட்ட கம்பி பிஸ்டன் மேல வழுக்கும்.

சரியான வழி ஸ்டாப்பர் வச்சு டாப் கண்டுபிடிக்கிறது. பழைய பிளக்ல பீங்கான உடைச்சு எடுத்துட்டு நடுவுல ஒரு போல்ட்ட மாட்டுங்க, முனைய உருட்டையா தேச்சுக்கோங்க, அதுதான் ஸ்டாப்பர். பிரைமரி கவரக் கழட்டி கிராங்க் முனையில இருக்கிற ரோட்டார் நட்டுல டிகிரி டிஸ்க்க இறுக்கி, பக்கத்துல ஒரு கம்பிய முள்ளு மாதிரி வளைச்சு நிறுத்துங்க. பிஸ்டனக் கீழ இறக்கி வச்சுட்டு ஸ்டாப்பர மாட்டி, இன்ஜின மெதுவா ஒரு பக்கம் சுத்துங்க, பிஸ்டன் போல்ட்டுல முட்டி நிக்கும், முள்ளு காட்டுற டிகிரிய எழுதிக்கோங்க, அப்புறம் எதிர்ப்பக்கம் சுத்தி அங்க முட்டுறதையும் எழுதிக்கோங்க. ரெண்டுக்கும் நட்ட நடுவுலதான் உண்மையான டாப். கையாலதான் சுத்தணும், கிக்கர் பக்கமே போகாதீங்க, பிஸ்டன் தலை அடி வாங்கிடும். முடிஞ்சதும் ஸ்டாப்பரக் கழட்ட மறக்காதீங்க.

0.8 மி.மீ.ங்கிறது இந்த ஸ்ட்ரோக்குக்கு ஏறக்குறைய 10 டிகிரி. டேப்பெட் கவரத் திறந்து ரெண்டு புஷ் ராடும் விரலுக்கு லூசா சுத்துதான்னு பாருங்க, சுத்தினா கம்ப்ரஷன் டாப், இல்லைன்னா எக்ஸாஸ்ட் முடியிற டாப், இன்னொரு சுத்து சுத்தணும். அப்புறம் வண்டிய டாப் கியர்ல போட்டு, பின் சக்கரத்த முன்னாடி தள்ளி மெதுவா டாப்புக்கு முன்னாடி 10 டிகிரிக்குக் கொண்டு வாங்க. தாண்டிட்டா அப்படியே பின்னாடி இழுத்து அந்த இடத்துல நிறுத்தாதீங்க, நல்லா பின்னாடி போய் மறுபடி முன்னாடி வாங்க, இல்லைன்னா டைமிங் கியர் பல்லுல இருக்கிற ஆட்டம் கணக்கக் கெடுத்துடும்.

டெஸ்ட் பல்போட ஒரு வயர பாயிண்ட் டெர்மினல்லயும் இன்னொண்ண எர்த்லயும் கொடுத்து சாவியப் போடுங்க. பாயிண்ட் மூடியிருந்தா பல்பு எரியாது, திறந்த நொடி எரியும். பிளேட் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, கேம் சுத்துற பக்கத்துக்கு எதிரா நகர்த்தினா அட்வான்ஸ், அதே பக்கம் நகர்த்தினா ரிட்டார்ட். பல்பு எரியிற அந்த இடத்துல இறுக்கிடுங்க. பல்பு இல்லைன்னா புல்லட்ல ஆம்மீட்டரே வேலைய முடிச்சுக் குடுக்கும், பாயிண்ட் மூடியிருக்கும்போது முள்ளு டிஸ்சார்ஜ் பக்கம் சாஞ்சிருக்கும், திறந்ததும் நடுவுக்கு வந்துடும். பாயிண்ட் மூடின நிலையில சாவிய ரொம்ப நேரம் போட்டு வைக்காதீங்க, காயில் சூடாகும். பிளேட்ட ரொம்ப நுணுக்கமா நகர்த்துங்க, கேம் கிராங்க்ல பாதி வேகத்துல சுத்துறதால இங்க 1 டிகிரின்னா கிராங்க்ல 2 டிகிரி. ஸ்க்ரூவ இறுக்கின பிறகு இன்னொரு தடவ சக்கரத்தத் தள்ளிப் பாருங்க, இறுக்கும்போதே பிளேட் நகர்றது சகஜம்.

கவர மூடறதுக்கு முன்னாடி ரோட்டார்லயும் அதுக்கு எதிர்ல அசையாத இடத்துலயும் பயர் ஆகுற இடத்துக்கு ஒரு கோடு கீறி வச்சுடுங்க, அடுத்த தடவ பாதி வேலை மிச்சம்.

கேள்வி: ஹேண்டில்பார்ல அட்வான்ஸ் லீவர் இருக்கிற மேக்னெட்டோ (பேட்டரி இல்லாம பொறிக்கான கரண்ட்ட தானே தயாரிக்கிறது) வண்டி. டைமிங் வைக்கும்போது லீவர் எந்தப் பக்கம் இருக்கணும்?

பதில்: கையால இயக்குற லீவர் வண்டிகளுக்கு மேனுவல்ல குடுக்கிற அளவு பொதுவா ஃபுல் அட்வான்ஸ்ல. மேல சொன்ன புல்லட்டுக்கு நேர் எதிர், இது தெரியாம வச்சா 20, 30 டிகிரி கூட தப்பிப் போகும். லீவர நம்பாதீங்க, சில வண்டியில கேபிள் இழுத்தா அட்வான்ஸ், சிலதுல விட்டா அட்வான்ஸ், மேக்னெட்டோவுலயே பார்த்து உறுதி பண்ணிக்கோங்க. பாயிண்ட் திறக்கிறதப் பிடிக்க ஒரு சிகரெட் பேப்பர் துண்டு போதும், பாயிண்ட்டுக்கு நடுவுல வச்சு லேசா இழுத்துக்கிட்டே சுத்துங்க, வழுக்கி வெளிய வர்ற இடம்தான் திறக்கிற இடம். கேப்ப இத வச்சு அளக்காதீங்க, அதுக்கு ஃபில்லர் கேஜ்தான். மேக்னெட்டோ பினியன் (சின்னப் பல் சக்கரம்) டேப்பர்ல (கூம்பு மாதிரி சரிவான அச்சுல) உக்காந்திருந்தா நட்ட இறுக்கின பிறகு மறுபடி கண்டிப்பா செக் பண்ணணும்.

கேள்வி: டூ ஸ்ட்ரோக் வண்டியில பல்பு டெஸ்ட் வேலை செய்யல, எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கு. பாயிண்ட் போயிடுச்சா?

பதில்: பாயிண்ட்டுல குத்தம் இல்ல. ஃப்ளைவீல் மேக்னெட்டோவுல காயில் பாயிண்ட்டோட பேரலல்லா இருக்கும், ரெசிஸ்டன்ஸ் ரொம்பக் கம்மி, பாயிண்ட் திறந்தாலும் கரண்ட்டு காயில் வழியா எர்த்துக்குப் போயிடுது. பாயிண்ட்ல இருந்து காயில் வயரக் கழட்டிட்டு, தனி பேட்டரியும் பல்பும் சீரீஸ்ல வச்சுப் பாருங்க, இப்ப மூடியிருந்தா எரியும், திறந்தா அணையும், புல்லட்டுக்கு அப்படியே தலைகீழ். பிளக் ஓட்டை நேரா இருந்தா டயல் கேஜ்ல மி.மீ. அளவு அழகா எடுக்கலாம். ஆனா வேற வண்டியோட மி.மீ. அளவ எடுத்துப் போடாதீங்க, ஸ்ட்ரோக் மாறினா அதே மி.மீ. வேற டிகிரி.

கேள்வி: டைமிங் சரியா வச்சும் கொஞ்ச நாள்ல பிக்கப் குறையுது, சைலன்சர் பெண்டு நீலமாகுது. ஏன்?

பதில்: ஹீல் தேயுது. தேஞ்சா கேப் குறையும், பாயிண்ட் லேட்டா திறக்கும், டைமிங் ரிட்டார்ட் ஆகும், எரிய வேண்டியது வெளிய போற வழியிலயும் எரியும். கேம் மேல துளி கிரீஸ் தடவுங்க, அதிகம் வச்சா தெறிச்சு பாயிண்ட் கருகும். பாயிண்ட் முகத்துல ஒரு பக்கம் குழியும் எதிர்ப்பக்கம் மேடும் விழுந்திருந்தா கண்டென்சரையும் சேர்த்து மாத்துங்க.

கேள்வி: எலக்ட்ரானிக் கிட் போட்டுட்டா இந்தத் தொல்லையே இல்லையா?

பதில்: ஹீல் தேயிற தொல்லை போகும், டாப் கண்டுபிடிக்கிற வேலை போகாது. கிட் தாள்ல குடுத்த டிகிரி ஃபுல் அட்வான்ஸுக்கா ஸ்டேட்டிக்குக்கான்னு (இன்ஜின் ஓடாம வைக்கிற அளவுக்கான்னு) முதல்ல படிங்க, ஃபுல் அட்வான்ஸுன்னா ஸ்டாப்பர் வச்சுக் கண்டுபிடிச்ச டாப்புல இருந்து அத்தன டிகிரி தள்ளி ஒரு கோடு போட்டு, வண்டிய ஓட விட்டு ஸ்ட்ரோப் லைட் (பொறி விழும்போதெல்லாம் மின்னுற விளக்கு) அடிச்சு, அவங்க சொன்ன ஆர்.பி.எம்.ல அந்தக் கோடு நேரா வந்து நிக்குதான்னு பாருங்க.