காந்தத்தில் ஒட்டியதெல்லாம் பல்லேடியம் அல்ல

கேள்வி: காந்தத்தால் பிரித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வினையூக்கிக்காக, மேக்னடைட் (காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு) நானோ துகளுக்குச் சிலிக்கா உறையிட்டு, பல்லேடியத்தைப் பிடித்துவைக்க அமினோ சிலேன் ஒட்டி, எடையில் 2% பல்லேடியம் ஏற்றியிருக்கிறேன். 4-புரோமோஅனிசோலும் ஃபீனைல்போரானிக் அமிலமும் சேரும் சுசூகி வினையில் (பல்லேடியத்தின் உதவியால் இரண்டு கரிம வளையங்களை இணைப்பது; எத்தனால்-நீர், பொட்டாசியம் கார்பனேட், 80 டிகிரி) முதல் மூன்று சுற்றிலும் ஈல்டு (கிடைத்த விளைபொருளின் விகிதம்) 95%. நான்காவதில் 60%. காந்தம் வைத்த பிறகும் திரவம் லேசாகப் பழுப்பாகவே நிற்கிறது. பல்லேடியம் கழன்றுவிட்டதா, துகள்தான் தொலைகிறதா?

பதில்: இரண்டுமே நடந்திருக்கலாம். முதலில் அந்த மூன்று 95-ஐ நம்பாதீர்கள். வினை முடிந்து வெகுநேரம் கழித்து எடுத்த எண்கள் அவை. வினையூக்கியில் பாதி செத்திருந்தாலும் மீதிப் பாதி அதற்குள் வேலையை முடித்திருக்கும். இனி ஒவ்வொரு சுற்றிலும் 10, 20, 30 நிமிடங்களில் சிறு மாதிரி எடுத்து ஜிசியில் (வாயு நிறப்பிரிகைக் கருவியில்) பாருங்கள். சரிவு இரண்டாவது சுற்றிலேயே தொடங்கியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

அடுத்து எடைக்கணக்கு. 1 மில்லிமோல் புரோமைடுக்கு 0.5 மோல்% பல்லேடியம் என்றால் 0.53 மி.கி.; உங்கள் வினையூக்கியில் சுமார் 27 மி.கி. வடிக்கும்போது ஒவ்வொரு முறையும் 2 மி.கி. போனாலே நான்காம் சுற்றுக்குள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காலி. மறுபயன்பாட்டுச் சோதனையைப் பத்து மடங்கு அளவில் செய்யுங்கள். கார்பனேட், போரேட் உப்புகள் துகளில் படிந்து எடையைக் கூட்டிக் காட்டும் என்பதால் எத்தில் அசிடேட், நீர், எத்தனால் என்ற வரிசையில் தலா இரண்டு முறை கழுவிய பிறகே எடை போடவேண்டும். அடுத்த சுற்றுக்குப் போகும் துகளை ஓவனில் வைக்காதீர்கள், உலர்ந்தால் கட்டிதட்டும். எத்தனால் ஈரத்திலேயே இருக்கட்டும்.

எதைக் கொண்டு கலக்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மேக்னடிக் பீட் (குடுவைக்குள் சுழலும் காந்தத் துண்டு) என்றால் பாதிக் கோளாறு அங்கேதான். துகள்கள் பீட்டைச் சுற்றி ரோமம்போல் ஒட்டிக்கொள்ளும். வினைக்குக் கிடைக்கும் பரப்பு குறையும், உரசலில் சிலிக்கா உறை பெயரும், பீட்டை எடுக்கும்போது துகளும் கூடவே போகும். ஓவர்ஹெட் ஸ்டிரர் அல்லது ஷேக்கருக்கு மாறுங்கள்.

பழுப்புத் திரவத்தைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் தங்குவதன் அருகே காந்தத்தைக் கொண்டுபோங்கள். நகர்ந்து வந்தால் அது மிக நுண்ணிய மேக்னடைட். நகராத கருந்தூள் என்றால் பல்லேடியம் பிளாக் (உலோகமாகத் திரண்ட பல்லேடியத் தூள்) என்று சந்தேகிக்கலாம். நுண்துகள் தொல்லைக்கு மருந்து தயாரிப்பிலேயே இருக்கிறது: பல்லேடியம் ஏற்றுவதற்கு முன், ஒரு நிமிடத்தில் காந்தத்துக்கு வராததையெல்லாம் கொட்டிவிடுங்கள், இதை மூன்று முறை செய்யுங்கள். உறையும் தடிக்கக்கூடாது. எடையில் பாதி சிலிக்கா என்றால் கிராமுக்கான காந்தமாதலும் பாதிதான். பிரிக்கும்போது அகலக் குடுவை வேண்டாம். சுவரிலிருந்து விலக விலகக் காந்தப் புலம் சட்டென்று தளர்ந்துவிடும் என்பதால் ஒல்லியான குழாயே நல்லது.

இனி முக்கியமான சோதனை. காந்தம் பிடிப்பது இரும்பு ஆக்சைடை. பல்லேடியம் அதோடு வருகிறதா என்பதைத் தனியாகத்தான் நிரூபிக்கவேண்டும். 40% மாற்றம் நடந்ததும், சூடு ஆறாமல், துகளைக் காந்தத்தால் ஒதுக்கி, திரவத்தைச் சூடான சிரிஞ்சில் 0.2 மைக்ரான் டெஃப்லான் ஃபில்டர் வழியே இன்னொரு 80 டிகிரி குடுவைக்கு மாற்றுங்கள். அங்கேயும் வினை தொடர்ந்தால் பல்லேடியம் திரவத்தில் கசிந்திருக்கிறது என்று பொருள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியிலேயே வலுவிழக்கத் தொடங்கும். அதைக் குளியலுக்குள் வைக்காமல் அந்தச் சில நொடிகள் மட்டும் வெளியிலிருந்து பிடியுங்கள். புதுக் குடுவையில் கொஞ்சம் கார்பனேட் கட்டாயம் இருக்கவேண்டும். காரம் இல்லாமல் வினை நின்றுபோனதைப் பார்த்து, ‘கசிவு இல்லை’ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஆறவிட்டோ, புரோமைடு தீர்ந்த பின்னோ செய்தாலும் பயனில்லை: கரைந்த பல்லேடியம் அதற்குள் மீண்டும் துகள்மேல் படிந்திருக்கும், அதுவும் பெரிய கொத்துகளாக. டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் 3 நானோமீட்டர் பல்லேடியப் புள்ளிகள் 15 ஆகியிருந்தால் கசிவே இல்லாவிட்டாலும் வேகம் விழும்.

பிரித்த திரவத்தில் ஒரு பங்கை ஆவியாக்கி, இராஜதிராவகத்தில் கரைத்து, ஐசிபியில் (தனிமங்களை அளக்கும் கருவியில்) பல்லேடியத்தையும் இரும்பையும் பாருங்கள். சிலிக்கா இராஜதிராவகத்தில் கரையாது என்பதால் சிலிக்கானை ஆவியாக்காத இன்னொரு பங்கில் பாருங்கள். 1% பல்லேடியம் கழன்றாலே 184 மி.கி. விளைபொருளில் ஏறக்குறைய 29 பிபிஎம் (பத்து லட்சத்தில் 29 பங்கு) ஆகிவிடும். மருந்துக்கு, நாளொன்றுக்கு 10 கிராம் டோஸ் என்று வைத்தால், வாய்வழி வரம்பு 10 பிபிஎம். வினையூக்கி இல்லாத வெற்றோட்டமும், இதுவரை பயன்படுத்தாத குடுவையில், அவசியம். கடைச் சோடியம் கார்பனேட்டில் இருந்த 50 பிபிபி (நூறு கோடியில் 50 பங்கு) பல்லேடியமே சுசூகி வினையை நடத்தியதை 2005-ல் வேதியியலாளர் லெட்பீட்டரின் குழு காட்டியது. கண்ணாடியும் சூடான காரத்தில் சிலிக்கான் விடும். வெற்றோட்டத்தின் எண்ணைக் கழித்துப் பாருங்கள்.

கழித்த பிறகும் சிலிக்கான் நிறைய வந்தால், உறையே கரைகிறது, அமீனும் பல்லேடியமும் அதோடு போகின்றன என்று பொருள். கார்பனேட் கரைசலின் பிஎச் 11-ஐத் தாண்டும். 80 டிகிரியில் சிலிக்கா அதைத் தாங்காது. நீரைக் குறைத்து 60 டிகிரிக்கு இறங்கிப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் சிலிக்காவை விட்டுவிட்டுக் கார்பன் உறைக்குப் போவதே சரி.