சட்டைப் பையில் பொட்டலம் இருந்தால்?
குடி, கஞ்சா, கல்லூரிப் பிள்ளைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற மகனின் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் சின்னப் பொட்டலமும் சிகரெட் சுற்றுகிற தாளும் இருந்தன. அவங்க அப்பா கடலுக்குப் போயிருக்கிறார், நாளைக் காலையில் கரைக்கு வந்துவிடுவார். தெரிந்தால் அடித்தே போடுவார். சொல்லவா, மறைக்கவா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

மறைக்க வேண்டாம் அம்மா. ஆனால் அவர் கரை இறங்கிய கையோடு சொல்லவும் வேண்டாம். ராத்திரி முழுக்க வலையோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர் சாப்பிட்டுத் தூங்கி எழட்டும். அதற்குள் நீங்கள் மகனிடம் முதல் பேச்சைப் பேசி முடித்திருங்கள்.

கண் சிவந்து, வாய் உலர்ந்து, பேச்சு இழுக்கிற நேரத்தில் பேசிப் பயன் இல்லை. புகைத்த போதை பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் காலையில் உட்காருங்கள். "உன் சட்டையில் இது இருந்தது. எனக்குப் பயமாக இருக்கு. எவ்வளவு நாளாக, வாரத்துக்கு எத்தனை தடவை?" இவ்வளவு போதும். கேட்டுவிட்டு அவன் வாய் திறக்கும்வரை பொறுங்கள். "எவன் கொடுத்தான்?" என்று ஆரம்பித்தால் நண்பனைக் காப்பாற்றுவதிலேயே அவன் புத்தி போகும், விஷயம் வெளியே வராது. "நான் செத்துப்போறேன்" என்ற வார்த்தையும் வேண்டாம். "என்னுது இல்லம்மா, ஃப்ரெண்டோடது" என்பான். வாதாடாதீர்கள். "யாருடையதோ, இந்த வீட்டில் இருக்கக் கூடாது" என்று சொல்லி, அவன் கண் முன்னாலேயே கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அத்தாட்சிக்கு என்று பீரோவில் பூட்டி வைத்தால் சட்டப்படி அது நீங்கள் வைத்திருந்ததாகும்.

ஏதோ ஒன்றிரண்டு தடவை என்றால் இந்தப் பேச்சும், அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் கண்ணும் போதலாம். தினமும் என்றால், தனியாக இருக்கும்போதும் என்றால், காலையில் எழுந்ததும் தேடுகிறான் என்றால், விட முயன்று முடியவில்லை என்றால் மருத்துவமனைதான்.

தினமும் இழுத்தவன் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, வியர்வை எல்லாம் தொடங்கும். முதல் வாரம்தான் மோசம். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், தூக்கக் குறையும் கெட்ட கனவும் மட்டும் இன்னும் சில நாள் இழுக்கும். அவன் சிடுசிடுப்பதைப் பார்த்து "இன்னமும் அடிக்கிறான்" என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது. "கஞ்சா இருந்தால்தான் எனக்கு நிம்மதி" என்று அவனும் முடிவு கட்டிவிடுகிறான். திரும்பப் போகிறவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் போகிறார்கள். சிகரெட் தூளோடு கலந்து சுற்றுகிறவனுக்குப் புகையிலைப் பழக்கமும் சேர்ந்தே பிடித்திருக்கும்; இரண்டையும் சேர்த்துத்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சாயங்காலத்துக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். பசிக்கவில்லை என்றால் கஞ்சியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மாலை நேரத்தில் பந்தாட்டமோ நடையோ உடம்பு அசருகிற எதுவோ இருக்கட்டும். கஞ்சாவை விட வைக்கத் தனி மருந்து கிடையாது, ஆலோசனைதான் சிகிச்சை. தூக்கத்துக்கென்று மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுத்தால் அது அடுத்த பழக்கமாகிவிடும்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்; போதை மீட்புக்கு 14446 எண்ணும் இருக்கிறது, இரண்டுக்கும் கட்டணம் இல்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு அடிமையாகி, அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெறுகிறவருக்கு, பயன்படுத்தியதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம்.

அப்பாவிடம் சொல்லும்போது மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்: பொட்டலம் கிடைத்தது, பேசியாயிற்று, இன்ன தேதியில் மருத்துவரிடம் போகிறோம். கூட வருவது அவர் வேலை என்று கொடுத்துவிட்டால் கை ஓங்குவதற்கு அவசியம் குறையும்.

ஹாஸ்டலில் நண்பன் ஒரு குவாட்டரைத் தண்ணீர் கலக்காமல் கால் மணி நேரத்தில் குடித்துவிட்டு வாந்தி எடுத்து மட்டையாகிவிட்டான். வார்டனுக்குத் தெரிந்தால் வம்பு என்று அப்படியே தூங்க விட்டோம். காலையில் எழுந்துவிட்டான். சரிதானே?
– மாணவர், கீழக்கரை

எழுந்தது அவன் அதிர்ஷ்டம், தம்பி. 180 மில்லி குவாட்டரில், 42.8 சதவீதச் சரக்கு என்றால், ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஈரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். ஆக ஒரு குவாட்டர் இறங்க ஆறிலிருந்து ஒன்பது மணி நேரம் ஆகும். கடைசி மடக்குக்குப் பிறகும் அரை மணி, ஒரு மணி நேரம் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டேதான் இருக்கும். படுத்தபோது உளறிக்கொண்டிருந்தவன் கொஞ்ச நேரம் கழித்து மூச்சுத் திணறுவது இதனால்தான்.

அடுத்த தடவை யாருக்கு நேர்ந்தாலும் தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண் திறக்கவில்லை, கிள்ளினாலும் அசையவில்லை என்றால் 108. மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள்: எட்டுக்குக் குறைவாக இருந்தாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து வினாடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ 108. உதடு, நகம் நீலம் பாய்ந்து உடம்பு சில்லிட்டாலும், வலிப்பு வந்தாலும், நினைவில்லாமலே வாந்தி வந்தாலும் அதேதான்.

வண்டி வரும்வரை மல்லாக்கப் போடாதீர்கள். மூச்சுக்குழலில் வாந்தி போய்த்தான் பலர் சாகிறார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலின் முட்டியை முன்னால் மடக்கி, மேல் கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுங்கள். வாய் கொஞ்சம் தரையைப் பார்த்து இருந்தால் வருவது வெளியே வடியும். புரளாமல் இருக்க முதுகுப் பக்கம் ஒரு பையை அண்டக் கொடுங்கள். ஒருத்தர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மோர், எலுமிச்சை, கடுங்காப்பி, தலையில் தண்ணீர் எதுவும் ஆல்கஹாலை இறக்காது. தொண்டையில் விரல் விடுவது ஆபத்து.

கூடக் கஞ்சாவும் இழுத்திருந்தால் வாந்தி உணர்வே மட்டுப்படும். உடம்பு தள்ள வேண்டியது உள்ளேயே தங்கும். தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ சேர்ந்திருந்தால் மூச்சே நின்றுவிடலாம். எதைச் சேர்த்தான் என்று மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

குடித்துவிட்டு அரியமான் கடலிலோ அரிச்சல்முனையிலோ இறங்குவது அதைவிட மோசம். அரிச்சல்முனை நீரோட்டம் நிதானத்தில் இருக்கிறவனையே இழுத்துவிடும்.

பீர்தானே குடிக்கிறோம்? அதில் என்ன?
– மாணவர், ராமநாதபுரம்

650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால், 40 கிராம் ஆல்கஹால். குவாட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்பதே குற்றம். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டி வண்டி ஓட்டினால் முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

மகனுக்குத் தெரியாமலேயே சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று ஒரு பொடி விற்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு தந்தை, தேவிபட்டினம்

வாங்காதீர்கள். இப்படிக் கலக்கிற பொடியில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்தால், அது ஆல்கஹாலை உடைக்கிற வேலையைப் பாதியில் நிறுத்திவிடும். தெரியாமல் குடிக்கிறவனுக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நோயாளி சம்மதித்து, ஈரல் பரிசோதனை செய்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அது தரப்படும். தினமும் நிறையக் குடிக்கிறவனை அறையில் பூட்டி வைத்து நிறுத்துவதும் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பும், மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றலும் வரலாம்.

எங்கள் கல்லூரியில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் வைத்திருக்கிறோம். ஜூன் 26 ஊர்வலம், உறுதிமொழி இரண்டையும் தாண்டி என்ன செய்யலாம்?
– பேராசிரியர், கடலோரக் கல்லூரி ஒன்று

ஊர்வலத்தால் கெடுதல் இல்லை, ஆனால் அது குடிக்கிறவனை எட்டாது. அழுகிய ஈரல் படம் காட்டிப் பயமுறுத்துவதும் அப்படித்தான்.

பெயர் எழுதாத தாளில் இரண்டு கேள்வி கேளுங்கள்: போன மாதம் எத்தனை நாள் குடித்தாய்? உன் வகுப்பில் நூற்றுக்கு எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? இரண்டாவது எண் பெரும்பாலும் நிஜத்தைவிடப் பெரிதாகவே வரும். "எல்லோரும் அடிக்கிறாங்க" என்ற நினைப்புதான் முதல் வருடப் பிள்ளையைத் தள்ளிவிடுகிறது. இரண்டு எண்களையும் அதே வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.

குடிப் பழக்கத்தை அளக்கிற, உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் வினாத்தாளில் பத்துக் கேள்வி, நாற்பது மதிப்பெண். எட்டு, அதற்கு மேல் என்றால் தனியே கூப்பிட்டுப் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். இருபது, அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம். பேசுகிறவர் திட்டாமல், "விட்டால் உனக்கு என்ன லாபம்?" என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்கப் பழகியிருக்க வேண்டும்.

திடீர் சிறுநீர்ச் சோதனையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தினமும் புகைத்தவனுக்குக் கஞ்சா மூன்று நான்கு வாரம் வரை காட்டும், விட்டவனும் மாட்டுவான். குடி சில மணி நேரத்தில் கழிந்துவிடும். சோதனைக்குப் பயந்து பிள்ளைகள் மாத்திரைக்கு மாறுவதுதான் மிச்சம். பயன்படுத்தியவனை உடனே சஸ்பெண்ட் செய்வதும் தப்பு, பகல் முழுக்க வேலையில்லாமல் அதே கூட்டத்தோடு திரிய விடுகிறோம். விற்கிறவன் கதை வேறு. அது காவல் துறை வேலை.

பெற்றோர் கூட்டத்தை மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் நடுவில் வையுங்கள். அப்போதுதான் விசைப்படகு அப்பாமார்கள் கரையில் இருப்பார்கள்.

கஞ்சா பிடித்த தம்பி காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள்.
– ஒரு அண்ணன், சாயல்குடி

தர்காவுக்குப் போவதில் மனசுக்கு ஆறுதல் இருந்தால் போய் வாருங்கள். ஆனால் முதலில் மனநல மருத்துவரை, இந்த வாரமே பாருங்கள். கஞ்சாவால் வரும் மனப்பிறழ்வு ஆரம்பத்தில் மருந்துக்கு நன்றாகக் கேட்கும், தள்ளிப்போட்டால் கஷ்டம். திரும்ப ஒரு இழுப்பு கூட ஆகாது. கட்டிப் போடுகிற இடத்தில் விடவே வேண்டாம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. தற்கொலைப் பேச்சு, அடிதடி என்றால் காத்திருக்காமல் 108.

பார்சலைக் கரையில் ஓரிடத்தில் சேர்த்தால் பணம் என்று மகனின் நண்பர்களைக் கேட்கிறார்களாம். படிக்கிற பிள்ளை, மாட்டினாலும் விட்டுவிடுவார்களா?
– ஒரு தாய், மண்டபம்

விட மாட்டார்கள். கஞ்சா ஒரு கிலோ வரை சிறு அளவு, அதற்கே ஓராண்டு வரை சிறை. இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 20 ஆண்டு, லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம், ஜாமீனும் எளிதில் கிடையாது. இலங்கைக்குக் கடத்த வருகிற மூட்டைகள் அநேகமாக அந்தக் கணக்கில்தான் இருக்கும். "உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது" என்பதை அவனேதான் நிரூபிக்க வேண்டும், சட்டம் அப்படி.

கேட்டவனுக்கு "முடியாதுண்ணே, வீட்டில் விட மாட்டாங்க" என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். "இப்ப முடியாது" என்றால் நாளைக்கு வருவான். செல்போனில் வந்த செய்தியை அழிக்க வேண்டாம். தகவல் தர 10581 என்ற இலவச எண் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு நடை போய்வந்துவிட்டான் என்றால் காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். 15100ஐ அழைத்தால் இலவசச் சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள்.