என் கணினியின் எண் அவருக்கு எப்படித் தெரிந்தது?

கேள்வி: ஐயா, நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். விண்டோஸ் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் என்னை அழைத்து, என் கணினியிலிருந்து வைரஸ் பரவுவதாகத் தமக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது என்றார். நான் நம்பவில்லை. உடனே அவர், ‘உங்கள் கணினியின் அடையாள எண்ணைச் சொல்கிறேன், நீங்களே சரிபாருங்கள்’ என்று கூறி, ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ‘அசோக்’ என்று தட்டச்சு செய்யச் சொன்னார். அவர் வாசித்த எண், திரையில் இருந்ததோடு ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒத்துப்போனது. அந்த நேரத்தில் மின்சாரம் நின்றதால் பேச்சும் நின்றது. அவர் உண்மையானவர்தானா? இல்லையென்றால் என் கணினியின் எண் அவருக்கு எப்படித் தெரிந்தது?
— வாசகர், கும்பகோணம்

பதில்: மின்சார வாரியத்துக்கு நீங்கள் ஒரு நன்றிக் கடிதம் எழுதலாம். அழைத்தவர் மோசடிக்காரர். அவர் வாசித்தது உங்கள் கணினியின் எண்ணே அன்று.

நீங்கள் தட்டச்சு செய்த சொல் (assoc), எந்த வகைக் கோப்பு எதனுடன் இணைக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலைக் காட்டும் ஒரு சாதாரணக் கட்டளை. பட்டியல் ஆங்கில அகர வரிசையில் ஓடி முடியும்போது, திரையின் அடியில் 888 என்று தொடங்கும் நீண்ட குறியீடு ஒன்று நிற்கும். கோப்புகளைச் சுருக்கி ‘ஜிப்’ உறையில் போடும் வசதிக்கு விண்டோஸ் வைத்திருக்கும் உள் அடையாளம் அது. பக்கத்து வீட்டுக் கணினியிலும், உங்கள் பள்ளிக் கணினியிலும், ஏன், அவர் கையில் வைத்திருந்த காகிதத்திலும் அதே குறியீடுதான் இருக்கும். ஐயம் இருந்தால் வேறொரு விண்டோஸ் கணினியில் அதே கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்.

மின்சாரம் நின்றிராவிட்டால் அடுத்து ‘ஈவென்ட் வியூவர்’ என்ற பகுதியைத் திறக்கச் சொல்லி, அங்கே வரிசையாக நிற்கும் சிவப்பு, மஞ்சள் குறிகளை வைரஸ் என்று காட்டியிருப்பார். ஒரு சேவை தொடங்கச் சில நொடிகள் தாமதமானால்கூட விண்டோஸ் அங்கே குறித்துவைக்கும் என்பதால், நன்றாக ஓடும் கணினியிலும் அத்தகைய குறிகள் இருந்தே தீரும். நீங்கள் பதறிய பிறகு, ‘எனி டெஸ்க்’ போன்று தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் செயலியை நிறுவச் சொல்லுவார். அந்தச் செயலி தன்னளவில் நேர்மையானது. பல அலுவலகங்கள் அதை அன்றாடம் பயன்படுத்துகின்றன. ஆனால் அதில் தோன்றும் எண்ணை அவரிடம் சொல்லி, அனுமதியும் கொடுத்துவிட்டால், வீட்டுச் சாவியைக் கொடுத்ததற்குச் சமம்.

ஆகவே, அழைப்பவர் தருகிற ‘ஆதாரம்’ எதையும் எடைபோட முயலாதீர்கள்; பேச்சுத் திறமையில் அவர் நம்மைவிடப் பழகியவர். திரையில் தெரியும் தொலைபேசி எண்ணையும் போலியாகக் காட்ட முடியும். உதவியை யார் முதலில் கேட்டது என்று மட்டும் பாருங்கள். கேட்காமலே அழைத்துக் கணினியைப் பழுது பார்ப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அதன் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண்ணும் இருக்காது. 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை ‘சக்ரா 2’ என்ற பெயரில் நடத்திய சோதனைகளில் இத்தகைய போலி உதவி மையங்களும் சிக்கின. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களும் அந்த நடவடிக்கைக்குக் காரணமாக இருந்தன.

அதற்காக, தெரியாத எண் எல்லாமே மோசடி என்று முடிவுகட்டவும் வேண்டாம். இணைய இணைப்பு பழுதென்று காலையில் நீங்கள் புகார் கொடுத்திருந்தால், மாலையில் ஊழியர் ஒருவர் தம் சொந்தக் கைபேசியிலிருந்து அழைப்பது வழக்கம்தான். புகார் எண்ணை அவரையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துக்கொடுக்க வேண்டாம். தடுமாறினால் இணைப்பைத் துண்டித்து, ரசீதில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். கூகுளில் தேடி முதலில் கண்ணில் படும் எண்ணை நம்பாதீர்கள். போலி உதவி எண்கள் விளம்பரமாகவே அங்கு இடம்பிடித்ததுண்டு. ஓடிபி விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது: வேலை முடிந்ததை உறுதிசெய்ய, வீட்டுக்கு வந்த உண்மையான ஊழியரும் ஓர் எண்ணைக் கேட்பார். எதற்கான எண் என்பது குறுஞ்செய்தியிலேயே இருக்கும். முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மாமனார் இப்படி ஒருவர் சொன்னதைக் கேட்டுக் கைபேசியில் ‘எனி டெஸ்க்’ செயலியை நிறுவி, ஐந்து நிமிடம் அனுமதியும் கொடுத்துவிட்டார். பணம் எதுவும் போகவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: கூடாது. முதலில் அந்தக் கைபேசியின் இணையத்தை அணைத்துவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து வங்கியை அழைத்து, அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுவதும் வேறு கருவியிலிருந்தே நடக்கட்டும். பிறகு செயலியை நீக்கி, அழைத்தவர் வேறு எதையும் நிறுவச் செய்தாரா என்று பாருங்கள்; தெளிவாகத் தெரியாவிட்டால், படங்களை எடுத்துவைத்துக்கொண்டு கைபேசியை முழுவதும் அழித்து மறுபடி அமைப்பதே நல்லது.

பணம் போனது தெரிந்தால் ஒரு மணி நேரமும் காத்திராமல், இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும் முன்பே அதை முடக்க வேண்டியிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை, வாடிக்கையாளரே ரகசிய விவரங்களைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு அவருடையது என்றும், தெரிவித்த பிறகு ஏற்படுவது வங்கியுடையது என்றும் பிரித்தது. எனவே பணம் போகாத இந்த நிலையிலும், வங்கியை அழைத்த நேரத்தையும் அவர்கள் தரும் புகார் எண்ணையும் மாமனாரின் வங்கிப் புத்தகத்திலேயே குறித்துவையுங்கள்.